லேபில் இருந்த தேன் பாட்டில்

பசை காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலை என்பதை என் மாமியார் கடைசிவரை நம்பவில்லை. கல்யாணம் பேச வந்த அன்றே கேட்டுவிட்டார். "பொண்ணு இன்னா வேலை செய்யுது?" தங்கவயல் சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த என் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கம்பெனியில தகட்டோட தகடு வெச்சுப் பசை போட்டு ஒட்டுவாங்க. அது காஞ்சுதான்னு எங்க பிலோமினா பார்த்துச் சொன்னாதான் வண்டியில ஏத்துவாங்க" என்றார், பெருமையோடு. "தொட்டுப் பார்த்தா தெரியாதா?" என்றார் மாமியார். அதே கேள்விக்கு வெவ்வேறு ஆட்களிடம் பதில் சொல்லியே எனக்கு முப்பத்துமூன்று வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். போன மாதம் எங்கள் லேபிலிருந்து அபிஷேக் என்கிற இளம் இன்ஜினியர் போன் செய்தார். புது மெஷின் வந்திருக்கிறதாம். சென்சாரை அச்சுக்குள்ளேயே பதித்துவிட்டார்களாம். பசை காய்ந்ததும் திரையில் பச்சை விளக்கு எரியுமாம். பழைய முறை எப்படி இருந்தது என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் பயிற்சிக் கோப்பில் சேர்த்துக்கொள்வார்களாம். குரலில் அவ்வளவு மரியாதை. காட்சிசாலையில் வைக்கிற பொருளிடம் பேசுவது போல இருந்தது.

"பச்சை எரியலைன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ரிஜெக்ட் மேடம். சிம்பிள்."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். அரைப் பக்கத்தில் அடங்குகிற விஷயமில்லை இது. அபிஷேக் கோப்பில் சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி, எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் கம்பெனி ஆனேக்கல் போகிற வழியில் இருக்கிறது. விமானத்தில் சரக்கு வைக்கிற அறைக்குத் தரைப் பலகை செய்கிறோம். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இரண்டு பாகப் பசை. ஒன்று ரெசின், மற்றது ஹார்டனர். அளவாகக் கலந்தால் இறுகும். ஹார்டனர் குறைந்தால் நடுவில் பிசுபிசுவென்று அப்படியே கிடக்கும். ஓரத்தில் வழிந்த பசையைத் தொட்டுப் பார்த்தால் கல்லாக இருக்கும், உள்ளே என்ன நிலைமை என்று கைக்குத் தெரியாது. மாமியாருக்கு நான் சொல்லிச் சொல்லிப் பார்த்த விளக்கம் இதுதான். "அப்ப சரியா கலக்கச் சொல்றது" என்பார். அதுவும் நியாயம்தான்.

உள்ளே பார்க்க ஒரே வழி சத்தம். காதுக்குக் கேட்காத சத்தம். வயிற்றில் குழந்தையைப் பார்க்க டாக்டர்கள் அனுப்புகிறார்களே, அதே இனம். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதில் கொஞ்சம் எடுத்து, இரண்டு சின்ன உலோகக் கட்டைகளுக்கு நடுவே வைத்து லேபுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெயர் சாட்சித் துண்டு. அதன் இந்தப் பக்கம் ஒரு சென்சார் சத்தம் அனுப்பும், அந்தப் பக்கம் இன்னொன்று வாங்கிக்கொள்ளும். சாட்சி காய்ந்தால் பலகையும் காய்ந்தது என்று கணக்கு.

டிப்ளமோ முடித்து, தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோய் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் முழுக்க நான் செய்தது சென்சார் துடைக்கிற வேலை. இரண்டாவது மாதம் அவற்றை மாட்டக் கற்றுக்கொண்டேன். ஒரு வருஷத்தில் வரைபடம் பார்க்கத் தெரிந்தது. கல்யாணமாகி தொம்மலூருக்கு வந்து கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடிப்பதற்குள் லேபில் நான்தான் சீனியர் டெக்னீஷியன். இவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை, ராவ் சாரைத் தவிர.

ராவ் சார் லேபுக்குத் தலைவர். கன்னடக்காரர், தமிழும் பேசுவார், நடுவில் கன்னடம் கலந்து. எங்கள் பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு "அவ்ரே" சேர்ப்பார். பன்னிரண்டு மாதமும் கையில்லாத ஸ்வெட்டர் போட்டிருப்பார். நாம் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், வரைபடத்தைப் பார்ப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருடைய ஆயுதமெல்லாம் ஒரே சொல். "ஹௌதா?" அப்படியா என்று அர்த்தம். முதல் ஹௌதா சாதாரணக் கேள்வி. இரண்டாவது ஹௌதா வந்தால் எங்கோ தப்பு செய்திருக்கிறோம். மூன்றாவது வந்தால் பேசாமல் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான்காவதை யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் யாராவது இருந்தாலும் கம்பெனியில் இல்லை.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், பசை இறுக இறுகச் சத்தம் வேகமாகப் போகும் என்று கற்றுக்கொண்ட உற்சாகத்தில், சாயங்காலம் திரையில் கோடு விறுவிறுவென்று ஏறுவதைப் பார்த்து ஓடினேன். "சார், காஞ்சிடுச்சு!"

"ஹௌதா?" என்றார். எழுந்து வந்தார். ஜன்னல் திறந்திருந்தது. மழைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. "பிலோமினா அவ்ரே, சொல்ப உங்க கையை இந்தக் கட்டை மேல வைங்க."

வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் கோடு மெல்லக் கீழே வளைந்தது.

"இது காஞ்சது அல்லா. ஆறுனது. சூடு போனா சத்தம் ஓடும், சூடு வந்தா நடக்கும். நீங்க ஜன்னலைத் திறந்து பசையைக் காய வெச்சிட்டீங்க." சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அன்று முதல் எங்கள் லேப் ஜன்னலில் ஒரு பூட்டு தொங்கியது. சாவி அவர் ஸ்வெட்டருக்குள்ளே, சட்டைப் பையில்.

தேன் விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் அனுப்பும் சத்தம் இரண்டு வகை. முன்னும் பின்னும் இடித்துக்கொண்டு போவது ஒன்று, லேபில் அதற்கு லாங் என்று பெயர். பக்கவாட்டில் ஆடிக்கொண்டு போவது இன்னொன்று, அது ஷியர். லாங் தண்ணீரிலும் போகும், கல்லிலும் போகும். ஷியர் அப்படியில்லை, கெட்டியான பொருளில்தான் போகும். இட்லித் தட்டைப் பக்கவாட்டில் அசைத்தால் மாவு அலம்பும், வெந்த இட்லி தட்டோடு சேர்ந்து வரும் அல்லவா, அதேதான். பசை கூழாக இருக்கும்வரை ஷியர் கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இறுக ஆரம்பித்ததும் மெல்லத் தலைதூக்கும். காலையில் கலந்தால் சாயங்காலம் நாலு மணி வாக்கில் தலை தெரியும், மறுநாள் காலையில் முழு உயரத்துக்கு நிற்கும். லாங் எவ்வளவு நன்றாக ஏறியிருந்தாலும் சரி, ஷியர் வராமல் எந்தப் பலகையும் வெளியே போகக் கூடாது என்பது ராவ் சாரின் சட்டம்.

சென்சாருக்கும் கட்டைக்கும் நடுவே காற்று இருந்தால் எந்தச் சத்தமும் போகாது. அதனால் எதையாவது தடவ வேண்டும். லாங் சென்சாருக்கு கிரீஸ் போதும். ஷியருக்கு நல்ல கெட்டியான, இழுத்தால் நூலாக வருகிற பொருள் வேண்டும். அதற்கென்று வெளிநாட்டில் செய்கிற களிம்பு ஒன்று உண்டு. ஆர்டர் போட்டால் வந்துசேரும் முன் ஒரு பிரசவமே பார்த்துவிடலாம். ராவ் சார் யோசித்துப் பார்த்துவிட்டு, பொருள் வாங்கித் தரக் கேட்கும் இன்டென்ட் சீட்டு எழுதினார்: "தேன். கெட்டியானது. கலப்படமில்லாதது." பர்சேஸ் டிபார்ட்மென்டிலிருந்து போன் வந்தது. லேபில் யாருக்காவது இருமலா என்று கேட்டார்கள்.

தேன் வந்தது. பெரிய பாட்டில். அதன் லேபிள் மேல் ராவ் சார் ஒவ்வொரு சனிக்கிழமையும் பென்சிலால் ஒரு கோடு போடுவார், தேன் எந்த அளவில் இருக்கிறது என்று. ஒரு முறை தடவ இரண்டு சொட்டு போதும். ஆகவே கோடுகள் ஒன்றுக்கொன்று ஒட்டியே இறங்கின.

ஒரு வருஷம் தவக்காலத்தில் நான் மீனையும் கறியையும் விட்டுவிட்டேன். கேன்டீன் குழம்பில் எது மிதக்கிறது என்று கடவுளுக்கே தெரியாது என்பதால் குழம்பையும் விட்டேன். மிச்சமிருந்தது சப்பாத்தி. எங்கள் கேன்டீன் சப்பாத்தியைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், செய்தவர் இன்னும் இருக்கிறார். வெறும் சப்பாத்தியை இரண்டு நாள் மென்றேன். மூன்றாம் நாள் தேன் பாட்டிலைப் பார்த்தேன். தவக்காலத்தில் தேன் தொடக்கூடாது என்று எந்தச் சாமியாரும் பிரசங்கம் வைக்கவில்லை. ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை வரப்போகிறதே, பென்சில் கோடு இருக்கிறதே என்று அப்புறம்தான் உறைத்தது. கெட்டிலில் வெந்நீர் இருந்தது. ஒரு கரண்டி ஊற்றிக் குலுக்கினேன். அளவு சரியாகக் கோட்டில் நின்றது. மறுநாளும் ஒரு கரண்டி எடுத்தேன், ஒரு கரண்டி ஊற்றினேன். இப்படி நாளுக்கு ஒரு கரண்டி, மூன்று வாரத்துக்கு மேல்.

இதில் மாட்டிக்கொள்ள ஒரு வழி இருந்தது. தினமும் காலையில் இரண்டு ஷியர் சென்சாரையும் தேன் தடவி, ஒரு எஃகுக் கட்டையின் இரு பக்கமும் நேருக்கு நேர் வைத்து, கோடு எவ்வளவு உயரம் வருகிறது என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். சென்சார் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. பல வருஷமாக அது எண்பது, எண்பத்தொன்று, எண்பது என்றே வந்துகொண்டிருந்தது. வருகிற எண் முன்கூட்டியே தெரிந்தால் எதற்காக அளப்பது? சோதனையைச் செய்யாமலே எழுத ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் எண்பது, ஒரு நாள் எண்பத்தொன்று. அழகுக்காக எப்போதாவது ஒரு எழுபத்தொன்பது. பக்கத்தில் ராவ் சார் சின்னக் கையெழுத்து போடுவார்.

இனி மல்லிகாவைப் பற்றி. பசை கலக்கிற அறையில் வேலை. ஈஜிபுராவில் குடியிருந்தாள், சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். ஐந்து வருஷமாக கான்ட்ராக்டில் இருந்தவள். அடுத்த மாதம் நிரந்தரமாக்கப் போகிற பட்டியலில் அவள் பெயர் இருந்தது. கணவர் பெயின்டர், மழைக்காலத்தில் வேலை இருக்காது. வீட்டில் அந்த நிரந்தரத்தை நம்பி எத்தனை திட்டங்கள் போட்டிருந்தாள் என்று கலக்குகிற அறைக்கே தெரியும். ரெசினை ஒரு தராசில் வைத்து, ஹார்டனரை இன்னொரு தராசில் வைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே கலக்குவாள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

ஒரு திங்கட்கிழமை அவள் கலந்த பசையின் சாட்சித் துண்டை மாட்டினேன். நாலு மணிக்கு ஷியர் தலைகாட்டவில்லை. ஆறு மணிக்கும் இல்லை. மறுநாள் காலையிலும் கோடு தரையிலேயே கிடந்தது. அதற்கு முந்தைய தடவையே கொஞ்சம் தாழ்வாகத்தான் வந்திருந்தது. அன்றைக்கு, வந்துசேரும் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழைத் திருகி உயர்த்திக்கொண்டேன். இந்த முறை திருகத் திருக வெறும் இரைச்சல்தான் ஏறியது. லாங் கோடு மட்டும் எப்போதும்போல அழகாக ஏறி நின்றது. அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் சட்டம் சட்டம்தான். ரிப்போர்ட்டில் எழுதினேன்: "இறுகவில்லை. ஹார்டனர் குறைவாக இருக்கலாம்."

அந்த "இருக்கலாம்" புரொடக்ஷன் மேனேஜரிடம் போய்ச் சேருவதற்குள் காணாமல் போய்விட்டது. அந்தப் பசையில் ஒட்டியது நாற்பது பலகை. மல்லிகாவை லேபுக்கே கூட்டி வந்துவிட்டார்கள்.

"நான் எடை போட்டுதான் கலந்தேன் பிலோமினாக்கா" என்றாள். "கிண்ணத்துல மிச்சம் இருந்தது கல்லு மாதிரி ஆயிக்கீது. நீங்களே வந்து பாருங்க."

நான் போய்ப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடம் நடத்தினேன். "கிண்ணத்துல மொத்தமா இருந்தா அது தன்னால சூடாகி இறுகிடும் மல்லிகா. தகட்டு நடுவுல மெல்லிசா இருக்கறது வேற. அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." நான் சொன்னது அறிவியல்படி சரி. இன்றைக்கும் சரி. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபமாக வருகிறது.

அவள் திரையைப் பார்த்தாள். படுத்துக் கிடந்த கோட்டை நான் விரலால் காட்டினேன். "மெஷின் சொல்லுது."

"அப்ப நான்தான் எங்கியோ விட்டுட்டேன் போல" என்றாள்.

துண்டை இழுத்து உடைத்துப் பார்த்தால் அன்றைக்கே உண்மை தெரிந்திருக்கும். இழுக்கிற மெஷின் சான்றிதழ் புதுப்பிக்க வெளியே போயிருந்தது, வர பத்து நாள். வெள்ளிக்கிழமை நாற்பது பலகையையும் ரம்பத்தால் வெட்டிப் போடுவது என்று முடிவாயிற்று. மல்லிகாவை மறு உத்தரவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். போகும் முன் ஆபீஸில் ஒரு காகிதம் கொடுத்தார்களாம். ஹார்டனர் அளவில் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம். லேபில் நான் மட்டும். சப்பாத்தியைத் தட்டில் வைத்து, பாட்டிலைச் சாய்த்தேன். தேன் சப்பாத்தியில் நிற்கவில்லை. விழுந்த வேகத்தில் ஓடி, தட்டுக்கு வந்து, தட்டின் விளிம்பைத் தாண்டி மேஜையில் சொட்டியது. மார்ச் மாத வெயில் வேறு. விரலில் தொட்டுப் பார்த்தேன், நூலே வரவில்லை. இது சர்பத்.

சப்பாத்தியை அப்படியே விட்டுவிட்டு எஃகுக் கட்டையை எடுத்தேன். இரண்டு ஷியர் சென்சாரையும் துடைத்து, அந்தச் சர்பத்தைத் தடவி, நேருக்கு நேர் வைத்தேன். பசையே இல்லாத எஃகு, பல வருஷமாக எண்பது காட்டிய எஃகு. கோடு தரையில் கிடந்தது. ரெஜிஸ்டரில் அன்று காலை என் கையெழுத்தில் எண்பத்தொன்று என்று இருந்தது.

கேட்டுக்கு எதிரே இருந்த கடைக்கு ஓடினேன். சின்னத் தேன் பாட்டில் ஒன்று வாங்கிவந்து தடவினேன். எஃகில் எண்பது. பிறகு மல்லிகாவின் சாட்சித் துண்டில் வைத்தேன். ஷியர் கோடு எழுந்து நின்றது, நான் பார்த்த எந்தத் துண்டையும்விட உயரமாக. பசையில் ஒரு குறையும் இல்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி நல்லவிதமாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் முதல் அரைமணி நேரம் நான் யோசித்தது பூசி மெழுகுவதைப் பற்றி. "மறுபடி பார்த்தேன் சார், தாமதமா இறுகிடுச்சு" என்று ஒரு வரி எழுதினால் போதும். பலகை பிழைக்கும். பழைய பாட்டிலை வாஷ்பேசினில் கொட்டிக் கழுவினால் சாட்சியும் இல்லை. யாருக்கு என்ன நஷ்டம்? எழுதக்கூட ஆரம்பித்துவிட்டேன். "தாமதமாக" என்று எழுதியதும் பேனா நின்றது. எதனால் தாமதம் என்று கேட்பார்கள். பதில் ஆபீஸில் தயாராக இருக்கிறது, மல்லிகாவின் கையெழுத்தோடு. ஹார்டனர் குறைந்தால்தானே தாமதமாகும்? பலகை விமானம் ஏறிப் போய்விடும். அவள் வீட்டிலேயே இருப்பாள்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு ராவ் சார் அறைக்குப் போனேன். மேஜை மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், சப்பாத்தியிலிருந்து ஆரம்பித்து.

"ஹௌதா?" என்றார், பாட்டிலைப் பார்த்து.

வெந்நீரைச் சொன்னேன்.

"ஹௌதா?" பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே அலம்பியது.

ரெஜிஸ்டரைச் சொன்னேன். மூன்றாவது ஹௌதாவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வரவில்லை. கண்ணைத் திறந்தால் பென்சிலோடு இருந்தார்.

"எத்தனை கரண்டி?"

"ஒரு நாளைக்கு ஒண்ணு சார்."

"ஞாயித்துக்கிழமை விட்டு?"

"விட்டு சார்."

"டீ கரண்டியா, பெருசா?"

"பெருசு சார்."

ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். தேன் இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு, எந்தத் தேதியில் எவ்வளவு நீர்த்திருக்கும் என்று. போட்டு முடித்து, முந்தைய பேட்ச் தேதியில் ஒரு வட்டம் போட்டார். "கோடு இங்கேயே இறங்கி இருக்கணுமே?" என்றார்.

"இறங்குச்சு சார். குமிழைத் திருகிட்டேன்."

அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். வரைபடத்தையே பார்க்கும் ஆள் முகத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எண்பது, எண்பத்தொன்று, எழுபத்தொன்பது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவருடைய சின்னக் கையெழுத்து. பிறகு இரண்டு மெமோ எழுதினார். ஒன்றில் என் பெயர், சோதனை செய்யாமல் பதிவு செய்ததற்காக. இன்னொன்றில் அவர் பெயர், பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்காக. தேனைப் பற்றி இரண்டிலும் ஒரு வார்த்தை இல்லை.

"சார், உங்களுக்கு எதுக்கு..."

"பிலோமினா அவ்ரே, நானும் எம்பதுன்னு நெனச்சேதான் போட்டேன்" என்றார்.

அந்த மார்ச் வெயிலில், ஸ்வெட்டரோடு, மைதானத்தைக் கடந்து ஆபீஸ் கட்டடத்துக்கு அவரே நடந்து போனார். திரும்பி வரும்போது கையில் மல்லிகாவின் கடிதம். கிழிப்பார் என்று நினைத்தேன். என்னுடைய எண்பத்தொன்று இருந்த பக்கத்தில் வைத்து ஸ்டேபிள் அடித்தார். மேலே சிவப்புப் பென்சிலில் கன்னடத்தில் எழுதினார்: "இதில் உள்ளது உண்மையல்ல. உண்மையான தவறு பக்கத்து எண்ணில்."

எனக்கு மூன்று நாள் வீட்டில் இரு என்று தண்டனை. காரணத்தைக் கேட்ட மாமியார், "காதுக்குக் கேக்காத சத்தத்தை நம்பி வேலை குடுப்பாங்க, ஒரு கரண்டி தேனுக்கு வீட்டுக்கு அனுப்புவாங்க. நல்ல கம்பெனி" என்றார்.

அதற்கு முன், வியாழக்கிழமை சாயங்காலமே ஈஜிபுராவுக்குப் போனேன். கம்பெனியிலிருந்து ஆள் போய்ச் சொல்லும் முன் நான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மல்லிகா குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். சந்தில் நின்றபடியே சொல்லிவிட்டேன். தேன், சப்பாத்தி, வெந்நீர், எல்லாம். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடம் தளும்பச் சிரித்தாள். "அய்யோ அக்கா, கவுச்சிய விட்டுட்டு தேனா?" என்றாள்.

அப்புறம் சிரிப்பு நின்றது. குடத்தை இறக்கி வைத்தாள்.

"அப்ப நான் கலந்தது சரியா?"

"சரி மல்லிகா. ரொம்பச் சரி."

"ரெண்டு நாளா தூங்கலக்கா" என்றாள். "ரெசின வெச்சேன், ஹார்டனர வெச்சேன், எந்த நேரத்துல பராக்கு பாத்தேன்னு யோசிச்சுக்கினே இருந்தேன். கடைசில நெஜமா பராக்கு பாத்தாப்புலயே ஞாபகம் வந்துடுச்சு. ஜன்னலாண்ட யாரோ கூப்ட்ட மாதிரி, நான் திரும்புன மாதிரி."

கலக்குகிற அறைக்கு ஜன்னலே கிடையாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் பட்டியல்படி நிரந்தரமானாள். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே சாட்சித் துண்டை அவளே எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தாள். ஒரு பையன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். மேஜை மேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல அந்த ரெண்டையும் எஃகுல மூஞ்சிக்கு மூஞ்சி வெச்சுக் காட்டுங்கக்கா. எம்பது வரட்டும். அப்புறம் தரேன்."

காட்டினேன். எண்பது வந்தது. கொடுத்தாள். அடுத்த பேட்சுக்கும் வந்தாள். அதற்கடுத்ததற்கும். நடுவில் வெளிநாட்டுக் களிம்பு வர ஆரம்பித்து, தேனுக்கு வேலையில்லாமல் போனது. ராவ் சார் ஓய்வு பெற்றுப் போனார். மல்லிகா கலக்குகிற அறைக்கு சூப்பர்வைசர் ஆனாள். கீழே நான்கு பேர் இருந்தும் சாட்சித் துண்டை மட்டும் அவள் வேறு யார் கையிலும் கொடுத்தனுப்பியதில்லை. வாரத்துக்கு இரண்டு பேட்ச். எத்தனை வருஷம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வெளியூர் ஆட்கள் லேபைப் பார்க்க வந்திருக்கும்போதுகூட வாசலில் நிற்பாள். வந்தவர்கள் இதுவும் எங்கள் விதிமுறையில் ஒன்று என்று நினைத்து எழுதிக்கொண்டு போவார்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று கடைசியாக ஒரு பேட்ச் இருந்தது. மாலையெல்லாம் போட்டு, கேக் வெட்டி முடித்து, லேபுக்கு வந்தால் அவள் நிற்கிறாள், கையில் துண்டோடு. அவளுக்கும் இப்போது கண்ணாடி, காதோரம் நரை.

"இன்னிக்காவது வெச்சிட்டுப் போயேன் மல்லிகா" என்றேன். பாதி விளையாட்டு, பாதி ஆதங்கம். "நானும் எத்தனை வருஷமா காட்டுறேன். இன்னுமா என்மேல நம்பிக்கை வரல?"

அவள் சிரித்தாள்.

"நம்பிக்கை இல்லாமயா? உங்க மேல இருந்த நம்பிக்கைலதானக்கா அன்னிக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தேன்."

கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எஃகுக் கட்டையை எடுத்தேன்.